நான் கட்டி, நானே இடித்த சுவர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பத்தொன்பது வயதில் ஒரு மண்வெட்டியோடு கொல்லிமலை ஏறி, அங்கே குண்டூர் நாடு என்னும் பகுதியில் மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டம் போட்டேன், ஓட்டு வீடு கட்டினேன். எங்கள் ஊருக்கு பஸ் வராத காலத்தில் தலையில் கல் சுமந்து எங்கள் சின்னக் கோயிலையும், பின்னால் கல்லறைத் தோட்டத்தையும், அதைச் சுற்றி இடுப்பளவுச் சுவரையும் எழுப்பினேன். சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

அந்தச் சுவரில்தான் போன வருடம் ஐப்பசியில் முட்டிக்கொண்டேன்.

மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஜீப்பில் மலை இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவிலேயே ஆண் குழந்தை பிறந்து, சற்று நேரத்தில் இறந்துபோனது. ஞானஸ்நானம் கொடுக்க அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. நான் சுவருக்கு வெளியே குழி வெட்டச் சொன்னேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் தனியாக ஓர் இடம், அதனால் குருவானவர் மந்திரித்துப் புனிதப்படுத்திய மண்ணில் வைக்கக் கூடாது என்று சின்ன வயதில் வேதபாடம் நடத்திய உபதேசியார் சொல்லித் தந்திருந்தார். பிறந்த அன்றே இறந்த என் தலைப்பிள்ளையையும் முப்பத்தெட்டு வருடம் முன்னால் அப்படித்தான் வெளியே புதைத்தேன். மகன் கெஞ்சினான். "வேதத்த மாத்த நீ யாருடா?" என்று அடக்கிவிட்டேன்.

அடக்கத்துக்காக அடிவாரத்திலிருந்து வந்த குருவானவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. குழியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து காரணம் கேட்டார். உபதேசியார் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஏனுங்க பெரியவரே, நாம நம்புறதச் சொல்ற விசுவாச மந்திரம் தெரியுமுங்களா?"

"என்னையவா கேக்கறீங்க? தூக்கத்துல எழுப்புனாலும் சொல்லுவேனுங்க."

சொன்னேன், ஒரு சொல் பிசகாமல்.

"இதுல அந்த நடு இடம் எங்க வருதுங்க?"

மந்திரத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், எங்கும் வரவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். மந்திரத்துக்கு வெளியிலும் நாம் நம்ப வேண்டியவை உண்டாம். இது இறைவன் வெளிப்படுத்தியது என்று பாப்பரசரும் ஆயர்களும் தீர்மானமாக அறிவித்தவை, திருச்சபை முழுவதும் ஒரே வாயாகக் கற்பித்து வருபவை, இவை நம்மைக் கட்டுப்படுத்தும். ஞானஸ்நானம் வேண்டும் என்பது அப்படிப்பட்டது. அந்த நடு இடமோ படித்த பெரியவர்கள் யோசித்துச் சொன்ன ஒரு கருத்து. எத்தனையோ பேர் சொன்னாலும், நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை ஒருநாளும் அறிவிக்கவில்லையாம்.

"இந்தக் கொழந்தைகள ஆண்டவரோட இரக்கத்துல ஒப்படைக்கத்தான் திருச்சபை சொல்லுதுங்க. திருச்சபை கட்டாத சுவர நாம எதுக்குங்க கட்டோணும்?"

எங்கள் பக்கம் குருவானவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. குழியருகே நின்ற என் மனைவி முன்னால் வந்தாள்.

"சாமி, அப்ப என் சாமியும் உள்ள வரலாமுங்களா?"

முப்பத்தெட்டு வருடம் அவள் என்னிடம் கேட்காத கேள்வி அது. கல்லறைத் திருநாள்தோறும் அவள் சுவருக்கு வெளியே ஒரு மெழுகுத்திரி வைப்பாள். நான் பார்த்தும் பார்க்காதவன்போல நடந்திருக்கிறேன்.

பேரனை உள்ளேயே அடக்கம் செய்தோம். மறுநாள் கடப்பாரையோடு போய் அந்தப் பக்கத்துச் சுவரை இடித்தேன். மகன் உதவிக்கு வந்தான், விடவில்லை. தலைப்பிள்ளையும் உள்ளே வரும்படி வளைத்துப் புதுச்சுவர் எழுப்பினேன். கல் எடுத்துக் கொடுத்தது என் மனைவி.

அந்தக் குருவானவருக்குச் சாகும்வரை நன்றி சொல்வேன். கோயிலைக் கட்டியவன் என்று என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது போதாது. சுவரை இடித்தவனும் நான்தான் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் நான் கட்டியதிலெல்லாம் என் மனைவி கையால் தடவிப் பார்த்தது அந்தப் புதுச்சுவரை மட்டும்தான்.