ஸ்டெப்னிக் காற்றில் ஒரு சிவப்புக் கார்

“ஒட்டுகதெல்லாம் சரிம்மா, அத யாரும் ஒட்டிருலாம். பெயிண்ட் அடிக்கதுக்கு ரெண்டு தலைமுறைக் கைப்பழக்கம் வேணும். ஒனக்கு அது வராது, கேட்டியா?”

இதைச் சொன்ன சண்முகநாதன் சார் வாழ்நாளில் ஒரு பொம்மைக் காருக்குக்கூடப் பெயிண்ட் அடித்தவரில்லை. ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், அரண்மனைச் சுவர்களுக்கே வர்ணம் தீட்டிய பரம்பரை என்று நம்பியிருப்பீர்கள்.

போன வாரம் மெட்ரோவில் என் எதிரே இருந்த பெண் நகப்பூச்சு போட ஆரம்பித்தாள். ரயில் குலுங்க, விரலெல்லாம் சிவப்பு. பெட்டியில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனைக்கு உருகும் பெண்ணின் பக்கத்தில் யார்தான் உட்காருவார்கள்?

என்னுடைய முதல் பொம்மைக் கார் தில்லி சாணக்யபுரியிலிருந்து வந்தது. என் அப்பா அங்கே ஒரு மாநில அரசு விருந்தினர் மாளிகையில் சமையல்காரர். யாரோ விருந்தாளியின் பிள்ளை அறையில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். நாலைந்து மாதம் யாரும் கேட்டு வராததால் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே காரைக் காணோம். மீன் முள் மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு துண்டான சாமான்களும்தான் இருந்தன. கூடவே ஒரு தாள்.

“எட்டாவது படிக்கிறல்ல, இன்னா எழுதிருக்குன்னு படி” என்றார் அப்பா.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, கரண்ட் பில் என்று உலகத்தில் எதில் எழுத்து இருந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். படிக்கத் தெரியாது என்று சொல்லும் வசதி எனக்குக் கிடையாது. தாளைப் பார்த்தேன். முழுக்க ஜப்பானிய மொழி.

“மொதல்ல சக்கரத்த மாட்டணும்னு போட்டுருக்கு” என்றேன், கணீரென்று.

அப்பா பெருமையோடு அம்மாவைப் பார்த்தார். தாளில் படங்கள் இருந்ததால் பிழைத்தேன். கார் உருவாகி, சிமெண்டுத் தரையில் உருண்டது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உட்டுட்டுப் போனதுதான் போனான், ஒரு நல்ல சொம்பா உட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா அந்தப் புள்ள” என்றாள்.

பட்டம் வாங்கி, கன்னாட் பிளேஸில் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் டிக்கெட் தட்டச்சும் வேலைக்குச் சேர்ந்தேன். மதிய இடைவேளையில் எல்லாரும் சோலே பட்டூரா தின்னப் போவார்கள். நான் ஒரு பொம்மைக் கடையின் கீழ்த்தட்டு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தட்டில்தான் கார் கிட்டுகள் தூசு படிந்து கிடக்கும். ஒருநாள் தலைக்கு மேல் ஒரு குரல்: “பாயீ கே லியே, பேட்டா?” தம்பிக்கா என்று கேட்கிறார்.

“மேரே லியே” என்றேன், எனக்குத்தான் என்று.

கண்ணாடி போட்ட குருவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார் சோப்ரா ஜி. காஷ்மீரி கேட்டில் நிஜக் கார்களுக்கு உதிரி பாகம் விற்பவர், பொம்மைக் கார் என்றால் உயிரை விடுபவர். அன்றே ஒரு விலாசம் கொடுத்தார். மயூர் விஹார், மூன்றாவது மாடி, ஞாயிறு காலை. அது ஓய்வுபெற்ற அதிகாரி சண்முகநாதன் சாரின் வீடு.

அங்கே ஞாயிறுதோறும் கூடும் பொம்மைக் கார் சங்கத்தில் ஆறேழு பேர். எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் சொந்த ஃபிளாட், ஒருவரிடமும் முடித்த கார் கிடையாது. அவர்கள் செய்ததெல்லாம் பெட்டி திறப்பு. புதிதாகக் கிட் வாங்கியவர் அதைப் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும். எல்லாரும் கை கழுவிக்கொண்டு வருவார்கள். சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, பிளேடால் செலோஃபேனை ஓர் ஓரமாகக் கீறி, மூடியைத் தூக்கியதும் அத்தனை மூக்குகளும் உள்ளே போகும். புதுப் பிளாஸ்டிக் வாசனை! பிறகு ஒவ்வொரு சட்டத்தையும் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, “வாஹ் வாஹ், கதவுக் கைப்பிடியைப் பாருங்கள்” என்று உருகுவார்கள். ஓரமாக உட்கார்ந்து நான் குறிப்புத்தாளைப் படிக்க, எண்ணிப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, மூடி, பரணில் ஏற்றிவிடுவார்கள். பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்புகிற கூட்டம்தான்.

ஏன் சார் செய்வதில்லை என்று கேட்டேன். மழைக்காலத்தில் ஈரம், பெயிண்ட் பூத்துவிடும். குளிரில் பனிமூட்டம், காயாது. வெயிலில் புழுதி. தில்லியில் வேறு பருவம் எது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது சோப்ரா ஜி இன்னொரு காரணம் சொன்னார்: சரியான ஏர்பிரஷ் இல்லை. பேனா மாதிரி ஒரு கருவி, தலையில் குட்டிக் கிண்ணம், காற்றைச் செலுத்தினால் பெயிண்ட் புகையாக வரும். அதைத் தேடி அவர் வாராவாரம் செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைக்குப் போவார். ஒருநாள் கிடைத்தேவிட்டது. ஊதா வெல்வெட் பெட்டிக்குள் பித்தளை ஏர்பிரஷ், இங்கிலாந்துச் சரக்கு, சண்முகநாதன் சாரைவிட வயதில் மூத்தது. கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் முறை வந்தது.

“அடிச்சுப் பாக்கலாமா?” என்றேன்.

கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஏர்பிரஷும் பரணுக்குப் போயிற்று.

அங்கேயே கிடந்திருக்கும். ஆனால் சோப்ரா ஜி வாய் சும்மா இருக்காது. சார் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரியிடம் எங்கள் பெருமையை அளந்துவிட்டார். கோடை விடுமுறைக் கண்காட்சியில் உங்கள் கார்களை வையுங்கள் என்று செக்ரட்டரி மேசையே ஒதுக்கிவிட்டார். இருந்ததோ என் ஜப்பானியக் கார் ஒன்று, சண்முகநாதன் சார் இளமையில் ஆரம்பித்துச் சக்கரம் வைக்க மறந்தது ஒன்று. சோப்ரா ஜி பெண்ணைக் கட்டிக் கொடுப்பதுபோல் தன் கிட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஒட்டிக் கொண்டுவந்தேன். மேசைமேல் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நின்றது, துணி போடாத குழந்தை மாதிரி.

பெயிண்ட் யார் அடிப்பது? அப்போதுதான் சார் அந்த ரெண்டு தலைமுறை வசனத்தைச் சொன்னார். என் வம்சத்தில் ஒரு தலைமுறைக்கே நான்தான் ஆரம்பம். ரெண்டுக்கு எங்கே போவது? அடிக்கிறவர் பெயர் அட்டையில் வரும் என்று பேச்சு. நான் அடித்துச் சொதப்பினால், மறுபடியும் ஓரமாக உட்கார்ந்து குறிப்புத்தாள் படிக்கிற பெண் ஆகிவிடுவேன். அடிக்காமல் விட்டாலும் அதேதான்.

“எனக்கு வரும் சார்” என்றேன். ஜப்பானிய மொழி படித்த அதே குரல்.

ஏர்பிரஷ் இருந்தது, காற்று இல்லை. கம்ப்ரஸருக்கு எங்கே போவது? சோப்ரா ஜி தடதடவென்று கீழே ஓடினார். தன் மாருதியின் ஸ்டெப்னியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். டயரின் வால்வில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையை ஏர்பிரஷில் செருகினார். பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடிக்க நிஜக் காரின் சக்கரம். கோமதி ஆன்ட்டி, சாருடைய மனைவி, கரண்டியோடு எட்டிப் பார்த்து, “பாயைத் தள்ளிப் போடுங்க, கறையாயிரும்” என்றதோடு சரி. இவர்களோடு குடித்தனம் செய்தவள், எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டிருந்தாள்.

முதல் அழுத்தலில் பெயிண்ட் என் மூக்கில் அடித்தது. இரண்டாவதில் சாருடைய வேட்டியில். அப்புறம் கைக்குப் பிடிபட்டுவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், புகைபோல் இறங்கிப் படிந்தது தக்காளிச் சிவப்பு. எங்கும் ஒரு சொட்டு வழியவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். காரைப் பால்கனியில் காய வைத்துவிட்டு, ஆன்ட்டி ஊற்றிய சொதியை எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். சோப்ரா ஜி மட்டும் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்.

சாயங்காலம் ஆந்தி வந்தது. தில்லி மே மாதத்தின் புழுதிப்புயல் தெரியுமில்லையா? வானம் மஞ்சளாகும், கதவெல்லாம் தானே அடித்துக்கொள்ளும், பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். ஆன்ட்டி கொடித் துணியை எடுக்க ஓடினாள். சண்முகநாதன் சார் போர்வையோடு பரணுக்கு ஓடினார், பெட்டிகளை மூட. நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் சார், இந்தப் பக்கம்” என்று கத்திக்கொண்டிருந்தேன். செய்யாத முப்பது பெட்டிகளைக் காப்பாற்றினோம். செய்து முடித்த ஒரே கார் பால்கனியில் இருந்தது.

காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால், சிவப்பு முழுக்கப் பழுப்பு. ஈரப் பெயிண்டில் ராஜஸ்தானே வந்து ஒட்டியிருந்தது. துடைத்தால் இன்னும் மோசமாகும். சார் என்னைப் பார்த்தார். அந்த வசனத்தை மறுபடி சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. நிஜாமுதீன் பாலத்தில் டயர் பஞ்சராகி, ஸ்டெப்னியை எடுத்து மாட்டிய சோப்ரா ஜி, ஏதோ பூத்திலிருந்து அலறினார்: “ஸ்டெப்னி கீ ஹவா கஹாங் கயீ?”

காற்று எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? காரில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “இப்படித்தான் சார் வைக்கப் போறேன். தில்லிக் கார்னா இப்படித்தான இருக்கும்?” என்றேன். அட்டையில் என் பெயரையும் நானே அடித்துக்கொண்டு வந்தேன்.

கண்காட்சியில் பிள்ளைகள் அந்தக் காரைத்தான் மொய்த்தார்கள். “எங்க பாப்பா வண்டி மாதிரியே இருக்கு!” என்று ஒன்று கத்தியது, தன் அப்பாவின் வண்டியைச் சொல்கிறது. என் அப்பா லீவு போட்டு வந்திருந்தார். அட்டையைக் காட்டி, “இதுதான் உம் பேரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பேரு போட்டுருக்கு, வண்டியக் கழுவிக் கொண்டாந்து வெச்சிருக்கக் கூடாதா?” என்றார்.

அடுத்த ஞாயிறு சண்முகநாதன் சார், பொம்மைக் காரில் புழுதியை எப்படி முறையாகப் படிய விட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் எங்களுக்கு விளக்கினார்.

இப்போது அந்தப் பொம்மைக் கடையில் செல்போன் விற்கிறார்கள். செங்கோட்டைக்குப் பின்னால் இருந்த சந்தையைக் கிளப்பிவிட்டார்கள். சோப்ரா ஜி மகனோடு கனடாவில். போகும்போது ஏர்பிரஷை என்னிடம் கொடுத்தார். “யே லே ஜா. ஸ்டெப்னி நஹீங் தூங்கா.” இதைக் கொண்டுபோ, ஸ்டெப்னி மட்டும் தர மாட்டேன் என்றார். சாரும் ஆன்ட்டியும் போன மாதம் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். பெட்டிகளை லாரியில் ஏற்ற மாட்டேன் என்று ஆன்ட்டி சொல்லிவிட்டாளாம். பரணிலிருந்து எல்லாவற்றையும் பங்கு பிரித்ததில், சார் கடைசிவரை பிளேடு படவிடாத ஒரு பெட்டி எனக்கு வந்தது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே சாரிடமிருந்து போன்: “தொறந்துராத, கேட்டியா? அப்படியே இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு.”

சரி சார் என்றேன்.

இன்று காலை பெட்டியைத் திறந்து, மூக்கை விட்டு, வேண்டிய மட்டும் மோந்துவிட்டு, நகவெட்டியால் முதல் துண்டை வெட்டினேன். உடம்புப் பகுதியை ஒட்டி முடித்ததும் கீழே போய், என் பழைய மாருதியின் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தேன். எங்கள் வம்சத்தின் முதல் நிஜக் கார். ஆகவே முதல் ஸ்டெப்னியும் அதுதான். காற்று கடைசிச் சொட்டுப் பெயிண்ட் வரை தாங்கியது. கார் பால்கனியில் ஈரமாக நிற்கிறது. மேற்கே வானம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. துணிகளை மட்டும் உள்ளே எடுத்துவிட்டேன்.