புற்றடியில் ஒரு துணை

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மைசூரில் குமாஸ்தா வேலை. அக்ரஹாரத்தில் ஒரு மாடியறை. வயது முப்பத்து மூன்று, கல்யாணமாகாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நரசிபுரா ரோட்டில் பஸ் பிடித்துப் போய், பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு வெளியில் இறங்கிப் பாம்பும் ஓணானும் தேடுவேன். பிடிப்பதற்கல்ல, பார்ப்பதற்குத்தான். பைத்தியமா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் எந்த ஓணானும் என்னிடம் கல்யாணச் சாப்பாடு எப்போது என்று கேட்டதில்லை. ஆபீஸில் தினம் நாலு பேர் கேட்டார்கள்.

பாம்பு தேடுவது என்றால் பெரும்பாலும் பாம்பு இல்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். சருகு சரசரத்தால் மூச்சை அடக்கிக்கொள்வேன். வெளியே வருவது அநேகமாக அரணையாக இருக்கும். நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் எழும்பாது. அந்த நேரத்தில் மட்டும் அழுகை வரும்.

அங்கே வேப்பமரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு பெரிய புற்று இருந்தது. எல்லாரும் அதில் நாகராஜா இருப்பதாக நம்பினார்கள். இருந்தது ஓர் உடும்பு. இரண்டு மாதம் காத்திருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படி ஒரு நாள் புற்றின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது எறும்பு கடித்தது. தமிழில் அதைத் திட்டினேன்.

“ஏனுங்கக்கா, நீங்களும் வேண்டுதலுங்களா?”

பின்னால் ஒரு பெண் நின்றாள். ஹனூர்ப் பக்கம், தமிழ் பேசும் எல்லையோர ஊர். புருஷன் கொத்தனார், இவள் அவனோடு சித்தாள் வேலை பார்த்தாள். பக்கத்தில் கட்டட வேலை நடந்தது. கையில் தூக்குப்போணியில் பாலும் ஒரு முட்டையும். கண்ணாலமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை என்றாள்.

தனியாக ஒரு பெண் புற்றைச் சுற்றினால் நாகதோஷம் என்றுதானே நினைப்பார்கள்! “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பின் ஐந்தாறு மாதம் ஞாயிறுதோறும் வந்தாள். வேண்டுதல் வேளை முடிந்ததும் நிழலில் உட்கார்ந்து பேசுவோம். மாமியார், சிமெண்டு அரித்த கை, மைசூர்க் குளிர் என்று அவள்தான் பேசுவாள். நான் புளிச்சோறு கொண்டுபோவேன். வைத்த முட்டை அடுத்த வாரம் இருக்காது.

“சாமி எடுத்துக்கிச்சு பாருங்கக்கா!”

உடும்புக்கு முட்டை என்றால் உயிர். அதைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னால் அவள் வருவது நின்றுவிடும். புளிச்சோற்றை அவள் பக்கம் நகர்த்திவைப்பேன்.

ஆடி பிறந்திருந்தது. அன்று அவள் வெறுங்கையோடு, கிட்டத்தட்ட ஓடி வந்தாள். மூணாவது மாசம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். கட்டட வேலையும் முடிந்தது. மறுநாளே ஊருக்குக் கிளம்புகிறார்களாம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல வார்த்தை சொன்னேன், மனசாரத்தான். ஆனால் இந்த உடும்பு இன்னும் கொஞ்ச நாள் பட்டினி கிடந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

“அடுத்தது நீங்கதானுங்கக்கா. உங்களுக்குஞ் சேத்தித்தான் கேட்டேன். அட, நீங்க என்னன்னு வேண்டுனீங்கன்னு ஒருக்காக்கூடச் சொல்லலியே?”

ரோட்டில் அவள் புருஷன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தான். இனிமேல் எதற்குப் பொய் என்று தோன்றியது.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீ வரணும்னு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்து போனாள். நானும் கூடவே சிரித்துவைத்தேன்.