நாலு மூலைக்கும் மஞ்சள்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் எங்கள் வீடு அமர்க்களப்பட்டது. தங்கையின் கல்யாணப் பத்திரிகைகள் அச்சகத்திலிருந்து வந்திறங்கியிருந்தன. கட்டைப் பிரித்ததும் வீடு முழுக்க மை வாசம்.

அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பத்திரிகையைக் கையில் எடுத்தார். மூலையில் விரலை வைக்கப் போனவர்... அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா கமலா... இது ஒண்ணும் மெஷினுக்குள்ள போவாதே?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தங்கை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்திரிகை எந்த மெஷினுக்குள் போகும்? ஏன் போக வேண்டும்?

"போகாதும்மா. தாராளமா வைங்க" என்றேன்.

வாரா வாரம் பேப்பரில் இந்த இடத்தில் கொம்பியூட்டர் ஆபீஸ் கதைகளை அளக்கிறேன். மாத்தளைக்காரி அங்கே எப்படி நுழைந்தாள் என்று மட்டும் சொன்னதே இல்லை. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேனே!

அப்போது நான் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். நாட்டில் பாதிப் பட்டதாரிகள் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் அதில் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. அப்பா டவுனில் கிராம்பு, மிளகு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். நான் பகலில் கடைக்குப் போய் கிராம்பு தெரிந்தெடுப்பேன். மாலையில் பேப்பரில் வேலை விளம்பரம் தெரிந்தெடுப்பேன்.

ஒருநாள் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கொழும்பில் ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம். கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி. சனிக்கிழமைகளில் வகுப்பு. கடைசியில் ஒரு பரீட்சை, தேறினால் வேலை.

கொம்பியூட்டர் என்றால் என்ன? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது! சிங்களம் தெரிந்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர், தமிழ் மட்டும் தெரிந்தவர் — எல்லோரும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய பாஷை. முன்னால் போய்விட்டவர் என்று எவரும் இல்லை.

அம்மாவுக்குத்தான் மனசில்லை. பல்லேபொலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம். மிளகுக் கொடியும் கிராம்பு மரமுமாகத் தோட்டம். மாப்பிள்ளை குணத்திலும் குறை சொல்ல முடியாது. ஒரே நிபந்தனைதான் — மருமகள் வேலைக்குப் போகக் கூடாது.

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அம்மா கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, போ. ஆனா ஒரு பேச்சு. இதுல தோத்துட்டீன்னா, இன்னொரு வேலை கீலைன்னு பேப்பரைத் தூக்கிட்டு நிக்கக் கூடாது. பல்லேபொல எடத்துக்குச் சரின்னு சொல்லிடணும். என்னா?"

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமைதோறும் விடிகாலை ரயில். கண்டியில் மாறி, கொழும்பு கோட்டையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வகுப்புக்கு. எங்கள் பயிற்சி அதிகாரி தயாரத்ன. அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். மூக்குக்கு இறக்கினால் யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

கொம்பியூட்டரைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் எங்களுக்கு அனுமதி. அறை முழுக்கக் குளிர் போட்டு, அதை மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். நாங்கள் தாளில் எழுதிக் கொடுப்போம். பஞ்ச் ரூமில் இருக்கும் பெண்கள், ஒரு வரிக்கு ஒரு கார்ட் என்று அட்டையில் ஓட்டை குத்தித் தருவார்கள். அந்த ஓட்டைகளைத்தான் மெஷின் படிக்கும். கார்ட் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கல்யாணப் பத்திரிகை அளவு. தடிப்பும் அப்படித்தான்.

இந்த அளவு விஷயம் பின்னால் வரப் போகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"கார்டை மடிக்காதீர்கள். ஈரம் படவிடாதீர்கள். குண்டூசி குத்தாதீர்கள்." தயாரத்ன ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்லாமல் வகுப்பை முடித்ததில்லை.

பரீட்சைக்கு மழைக் கணக்கு தந்தார்கள். வில்கமுவ மாதிரி சில இடங்களின் மழை அளவுகள், இடத்துக்கு ஒரு கட்டாக, கார்டுகளில் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். கட்டின் கடைசிக் கார்டில் 9999 என்று இருக்கும். அது மழை இல்லை. 'இந்த இடம் முடிந்தது, நிறுத்து' என்று மெஷினுக்குச் சொல்லும் அடையாளம்.

முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும் சலுகையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. மெஷின் நேரம் அவ்வளவு அருமை. பரீட்சையன்று ஒரே தடவை. ஓடினால் வேலை. ஓடாவிட்டால் பல்லேபொல.

எங்கள் புரோகிராமைக் குத்திய கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்க விட்டார்கள். நான் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தேன். கட்டை நேராக அடுக்கி, மேல் விளிம்பில் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்தேன். கார்டுகள் கலைந்துபோனாலும் கோடு சேர்கிற மாதிரி அடுக்கினால் வரிசை சரியாகிவிடும். எல்லோரும் செய்கிற வேலைதான்.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை அம்மா சொன்னார்:

"கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய ஒடைச்சிட்டு வா."

தோற்றால் அம்மாவுக்குத்தானே ஆதாயம்? இருந்தும் தேங்காய் உடைக்கச் சொல்கிறாரே என்று மனம் குளிர்ந்துபோய்ப் போனேன். உடைத்தேன். வந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். டின்னைத் திறந்து பார்க்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்?

மறுநாள் கொழும்பில் என் முறை கடைசியில். தூரத்திலிருந்து வருகிறவள் என்று அப்படிப் போட்டிருந்தார்கள். தயாரத்ன கையை நீட்டினார். டின்னைத் திறந்தேன்.

கம்மென்று மஞ்சள் வாசம்.

கார்டுகள் எல்லாவற்றிலும், நாலு மூலையிலும், வஞ்சகமில்லாமல் மஞ்சள் பூசியிருந்தது! அடுப்பு மேல் காய வைத்ததில் ஒவ்வொன்றும் அப்பளம்போல் நெளிந்திருந்தது. சிவப்புக் கோடு மட்டும் பிசகாமல் ஒரே சீராக ஓடியது. அத்தனையையும் பரப்பிக் காய வைத்து, சேலைக் கரை சேர்ப்பதுபோலக் கோட்டைச் சேர்த்து மறுபடி அடுக்கியிருக்கிறார் மகராசி!

தயாரத்ன முதல் கார்டை மெஷினுக்குக் கொடுத்தார். 'கர்ர்ர்' என்றது. நின்றது. ஒப்பரேட்டர் மூடியைத் திறந்து கிழிந்த கார்டை வெளியே இழுத்தார். தயாரத்ன அதை முகர்ந்து பார்த்தார்.

"மிஸ்... இது கஹ அல்லவா?"

சிங்களத்தில் கஹ என்றால் மஞ்சள். எந்த மொழியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். தலையாட்டினேன். அவர் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"நாலு மணிக்கு மெஷின் வேறு வேலைக்குப் போகும். அதற்குள் புதுக் கார்டுகளோடு வந்தால் ஓட்டுகிறேன். வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

வெளியே வந்த எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஏனென்றால் ஒரு பாழாய்ப்போன சந்தேகம் மண்டைக்குள் புகுந்துவிட்டது. அம்மா இதைத் தெரிந்தேதான் செய்தாரா? நான் தோற்க வேண்டும் என்றுதான் என்னைக் கோயிலுக்கு அனுப்பினாரா?

பஞ்ச் ரூமில் அன்று சோமா மட்டும்தான் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்து, குடையும் கையுமாக வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் டின்னை நீட்டினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அனே! உங்க அம்மாவா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாம். நான் பாஸ் பண்ணிடக் கூடாதுன்னு." எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வெடித்தேன்.

சோமா சிரித்தார். இடது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில், பிக்கு ஓதிக் கொடுக்கும் பிரித் நூல் ஒன்று, அழுக்கேறி.

"வேலைக்கு வந்த முதல் நாள் எங்க அம்மா கட்டினது. மெஷின்ல சிக்கிடும், கழட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கழட்டினேனா? நம்ம அம்மாமாருக்கு மெஷின் தெரியாது, மகளைத்தான் தெரியும். உட்காருங்க. நீங்க வாசிங்க, நான் குத்துறேன்."

குடையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கார்டின் மேல் விளிம்பில் வரி அச்சாகியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்தேன். அவர் விரல்கள் படபடவென்று ஓடின. மஞ்சள் கார்ட் இந்தப் பக்கம் குறைய, வெள்ளைக் கார்ட் அந்தப் பக்கம் ஏறியது.

பாதி தாண்டியிருப்போம். 'வந்த மழையைக் கூட்டு' என்று அர்த்தமாகும் கார்டை வாசித்தேன். அடுத்தது, 'வந்தது 9999-ஆ என்று பார். ஆமென்றால் நிறுத்து.' வாசித்தேன்... வாய் நின்றுவிட்டது.

முதலில் கூட்டிவிட்டு, பிறகா பார்ப்பது?

அந்த 9999-ஐயும் அல்லவா மெஷின் மழையென்று கூட்டியிருக்கும்! வில்கமுவவுக்கு அந்த வருஷம் சமுத்திரமே கொட்டியது என்று கணக்கு வந்திருக்கும். மெஷின் சிக்காமல் ஜோராக ஓடியிருக்கும். நான் ஜோராகத் தோற்றிருப்பேன். இதே வரிகளை வீட்டில் கண்ணால் எத்தனை தடவை பார்த்தேன்! ஒரு தடவைகூட உறைக்கவில்லை. இன்னொருவருக்காக வாய்விட்டு வாசித்தபோதுதான் காதில் விழுந்தது.

"என்ன?" என்றார் சோமா.

"ஒண்ணுமில்லை அக்கே. இதைக் குத்தி, முந்தின கார்டுக்கு முன்னால வைங்க."

இரண்டு கார்ட் இடம் மாறியது. அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் புதுக் கட்டோடு கண்ணாடிக் கதவைத் தட்டினேன். இந்த முறை மெஷின் கார்டுகளை மளமளவென்று விழுங்கியது. பக்கத்தில் பிரிண்டர் கடகடத்தது. தயாரத்ன தாளைக் கிழித்து எடுத்து, தன் கையிலிருந்த விடையோடு மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டார்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

இரவு ரயிலில் வீட்டுக்கு வந்ததும் கிழிந்த மஞ்சள் கார்டை அம்மாவின் முன்னால் போட்டேன். பாஸ் பண்ணியதைச் சொல்லவில்லை. சண்டைதான் முதலில்.

"நான் தோக்கணும்னுதானேம்மா இதைப் பண்ணுனீங்க?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோக்கணும்னு நெனச்சா நான் ஏன்டி ஒக்காந்து மஞ்சள் அரைக்கிறேன்? பேசாம டின்னோட அடுப்புல போட்டிருக்க மாட்டேன்?"

அம்மா அந்தக் கார்டை எடுத்து மூலையைத் தடவிப் பார்த்தார்.

"ஒங் கல்யாணப் பத்திரிகைக்குன்னு நல்ல கெழங்காப் பாத்து எடுத்து வெச்சிருந்த மஞ்சள். நீயும் ராவும் பகலும் அந்த அட்டையக் கட்டிக்கிட்டே கெடந்தியா... சரி, இவளுக்கு இதுதான் பத்திரிகை போலன்னு தோணிச்சு. வெச்சேன்."

"முதல் கார்டுக்கு மட்டும் வெச்சா பத்தாதாம்மா? எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததுக்கு வெக்கலைன்னா, அது கொறையில்லையா?"

அதற்குமேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் விஷயத்தைச் சொன்னேன். பாஸ் பண்ணியதையும், அந்த மஞ்சள் இல்லாவிட்டால் நிச்சயம் தோற்றிருப்பேன் என்பதையும். மறுநாள் அம்மாவே பல்லேபொலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். "எம் மகளுக்குக் கொழும்புல வேல கெடைச்சிருக்கு, வேற எடம் பாருங்க" என்று.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தப் புரோகிராமானாலும் மெஷினில் போடுவதற்கு முன் யாரையாவது பிடித்து உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிடுவேன். என்னிடம் பழகும் புதிய பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன். எங்கே படித்தீர்கள் மிஸ் என்று கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த வாரம் எங்கள் ஆபீஸுக்குப் புது மெஷின் ஒன்று வந்திறங்கியது. பழையதைவிடப் பெரியது. இன்னும் ஓட்ட ஆரம்பிக்கவில்லை. சோமா ஏற்கெனவே ஒரு பிரித் நூலைக் கொண்டுவந்து அதன் கைப்பிடியில் கட்டிவிட்டார். தயாரத்ன அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என் மேசைக்கு வந்து, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மிஸ்... உங்கள் அம்மாவை ஒருநாள் கூட்டி வர முடியுமா? வெளிப்பக்கம் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்."

அப்பாவின் கடைக்கு ட்ரங்க் கோல் போட்டு அம்மாவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"வர்றேன்" என்றார் அம்மா. "அதுக்கு மொத்தம் எத்தன மூலைன்னு எண்ணிச் சொல்லு. அதுக்குத் தக்கன அரைக்கணுமில்ல!"