வீட்டை விற்று வாங்கிய இரண்டு எழுத்து

எங்கள் கலியாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. (அவுஸ்திரேலியா) என்று போட்டிருந்தது. என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நல்ல புள்ளி எடுத்தும், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் போக முடியாமல் வீட்டில் இருந்தவள் நான். எனக்கு வாய்க்காத பட்டம் மருமகனுக்காவது இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் கேட்ட டொனேஷன் காசுக்காகத் தான் கட்டிய கல்வீட்டை விற்றுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனார். பட்டதாரி மாப்பிள்ளை என்றால் சும்மா கிடைப்பாரா?

எழுபத்தைந்தில் மெல்பேர்ண் வந்து இறங்கினேன். ஃபிளாட்டின் முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. அப்பாவின் வீட்டை விழுங்கிய பட்டம் அல்லவா என்று கிட்டப் போய் வாசித்தேன். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பில் படித்த இரண்டு வருடப் பொது டிப்ளோமா அது. கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சரித்திரம். எல்லாவற்றிலும் நுனிப்புல்.

"இது பி.ஏ. இல்லையே?" என்று கேட்டேன்.

"அது எங்கட அப்பா போட்டது. நான் என்ன செய்ய?"

"நீங்கள் கார்ட்டைப் பார்க்கேல்லையோ?"

"பார்த்தனான்." பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். "ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவே சொன்னவை?"

ஆயிரம் தேவைப்படவில்லை. இரண்டு எழுத்தே போதுமாக இருந்தது. சட்டத்தைக் கழற்றி நிலத்தில் அடித்து உடைக்க வேண்டும் போல் இருந்தது. உடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு போவதற்கு எனக்கு ஊரில் வீடு இல்லை.

மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதும், சனி ஞாயிறுகளில் பேக்கரி ஒன்றில் பணிஸ் ரொட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கம் நீக்கிவிட்டது, யாரும் படிக்கலாம் என்று அங்கே ஒரு பெண் சொன்னாள். அடுத்த கிழமையே அவர் படித்த அதே கல்லூரியில், அதே பொது டிப்ளோமாவுக்குப் படிவம் வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு.

அவர் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். "உமக்கேன் இந்த வேலை? டொக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. இதைப் படிச்சு நான் என்னத்தைக் கண்டனான்? படிக்க முந்தி நிண்ட அதே கடைக் கவுண்டரிலதான் இண்டைக்கும் நிக்கிறன். ஒரு சதத்துக்கும் பெறாத படிப்பு."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மாப்பிள்ளைச் சந்தையில் ஒரு கல்வீடு பெறுமதியான படிப்பு, என் கைக்கு வந்ததும் ஒரு சதமும் பெறாமல் போய்விட்டதா? மகள் மிரண்டு அழும் அளவுக்குக் கத்தினேன்.

"ஒரு சதமும் பெறாதெண்டால் இப்பவே எங்கட அப்பாவுக்கு அதை எழுதுங்கோ. வீடு வித்த காசை உங்கட அப்பா திருப்பிக் குடுக்கட்டும். பெறுமெண்டால் செவ்வாயும் வியாழனும் வேளைக்கு வந்து பிள்ளையைப் பாருங்கோ. இரண்டில ஒண்டைச் சொல்லுங்கோ!"

வகுப்பு தொடங்கிய செவ்வாய் ஐந்து மணிக்கே அவர் வீட்டில் நின்றார். அவர் சமைத்தால் சோறு குழையும், பருப்பு அடிப்பிடிக்கும். வகுப்பு முடிந்து வந்து நானும் அதையே சாப்பிட்டேன்.

படிப்புக்குக் காசு கட்டவில்லைத்தான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில், மகள் காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு சுடும். கிடைத்தது என்ன? பணிஸ் அடுக்கிய நான் நகரசபை அலுவலகத்தில் கதிரையில் இருந்து தட்டச்சு செய்தேன். அவ்வளவுதான். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

முடித்த கையோடு அப்பாவுக்கு எழுதினேன்: "இவர் படித்த அதே படிப்பை நானும் படித்துப் பாஸ் பண்ணிவிட்டேன்." அது எவ்வளவு பெரிய படிப்பு என்பதை அடுத்த கடிதத்தில் உடைத்துச் சொல்ல நினைத்திருந்தேன். கார்ட்டில் போட்ட பொய்யை அப்பாவிடம் அவிழ்க்க வேண்டும் என்ற வைராக்கியத்தில்தான் அவ்வளவும் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குள் அப்பாவின் பதில் வந்துவிட்டது. வாடகை வீட்டு விலாசத்தில் இருந்து.

"பிள்ளை, கடிதம் கண்டு அம்மா அழுதுவிட்டா. வீட்டை வித்திட்டான் விசரன் எண்டு சிரிச்ச எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டைக் குடுத்து இரண்டு பட்டதாரிகளை எடுத்திட்டன். நீயும் இப்ப பி.ஏ. தானே?"

கார்ட்டில் பொய் போட்ட மாமனாரை நாலு வருடம் மனதுக்குள் திட்டியவள், நீல விமானக் கடிதத்தாளை எடுத்து விரித்தேன். "ஓம் அப்பா, பி.ஏ. தான்" என்று எழுதி ஒட்டினேன்.