திரும்பிப் போன வேன்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருந்தாலும், அப்பாவின் உடலைச் சொந்த ஊருக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று இன்றும் கேட்கிற உறவினர்களுக்காக எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்த அப்பா, ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்தாரும் கலந்துதான் இருந்தோம். எண்பதுகளில் ஆவடிக்கு மேற்கே வயல்களை மனை போட்டு விற்றபோது, அவரவர் ஊர்க்காரர் பக்கத்திலேயே மனை தேடினார்கள். எங்கள் தெரு முழுக்கத் திருநெல்வேலி. அடுத்த தெரு தஞ்சாவூர். ஏரிப் பக்கம் வடாற்காடு. தெருவுக்கொரு பிள்ளையார், தெருவுக்கொரு சங்கம். ரோடு கேட்கப் போனாலும் தெருவுக்கொரு மனு. ரோடு வராததில் ஆச்சரியமில்லை.

ஒன்றில் மட்டும் எல்லாத் தெருவும் ஒற்றுமை. யார் இறந்தாலும் உடல் சொந்த ஊருக்குத்தான் போகும். இங்கிருந்த பழைய கிராமத்தார் தங்கள் சுடுகாட்டில் எங்களுக்கு இடம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேன் சொல்வது, ஐஸ் கட்டி வாங்குவது, கூடவே போவது எல்லாம் அப்பா தலையில் விழுந்தன. திரும்பி வந்து குளித்துவிட்டு அப்படியே ஷிப்டுக்குப் போவார்கள். ஒருமுறை சலித்துப்போய் அம்மாவிடம் சொன்னார்கள்: "வீடு கட்டுததுக்கு இந்த ஊரு, வேவுததுக்கு அந்த ஊரா? என்னையத் தூக்கிட்டு அலையாதிய."

பழைய கிராமத்தில் சாவு என்றாலும் அப்பா மாலையோடு போய், எடுக்கும் வரை நிற்பார்கள். எங்கள் தெருவில் வேறு யாரும் அங்கே போனதில்லை.

அப்பா போன அன்று சித்தப்பா ஊரிலிருந்து போனில் பிடிவாதம் பிடித்தார். "எங்க அய்யா வெந்த இடத்துலதான் அண்ணனும் வேவணும். கொண்டாங்க." தெருவும் அவர் பக்கம். வேனும் வந்துவிட்டது. "அவுக வேண்டாம்னு சொல்லிட்டாவ" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாவின் கடைசி ஆசைக்கு ஆறடி இடம் இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது பழைய கிராமத்துப் பால்காரர் தம் ஆட்களோடு வந்தார்.

"இன்னாத்துக்கு வேனு? எங்க ஊட்டு சாவு எல்லாத்துக்கும் அண்ணாத்தே வந்து நின்னாரு. அவர வேற ஊருக்கு அனுப்பிட்டு நாங்க இன்னா மூஞ்ச வெச்சிகினு கீறது? எடம் நாங்க வுடுறோம். எட்த்துகினு வாங்க."

வேன் திரும்பிப் போனது. எல்லாத் தெருக்காரர்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அதற்கப்பால் முழங்கால் சேறு என்று தம்பி வந்து சொன்னான். இப்போது சுடுகாட்டுப் பாதை கேட்டு எல்லாத் தெருவும் ஒரே மனு கொடுத்திருக்கிறது.

பால்காரர் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், கோபத்தோடாவது வந்து சேர்ந்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. காரியம் முடிந்து கிளம்பும்போது சித்தப்பா அம்மாவை அழைத்தார். "மதினி, இங்க தனியா என்னத்துக்கு? நம்ம ஊருக்கு வந்திருங்க."

அம்மா சொன்னார்கள்: "அவுக இங்கல்லா இருக்காவ. நான் எங்க வர?"

— மகள்