கால் வைத்த பெட்டி

தான் செய்த ஒரு சாமானையும் வேதமணி இரண்டாம் முறை பார்த்ததில்லை.

தூத்துக்குடியில் திரேஸ்புரம் போகிற சாலையில் அவருடைய சவப்பெட்டிக் கடை. மற்ற மரவேலைக்காரர்கள் ஒரு தெருவில் நடந்தால், அந்த வீட்டு நிலை நான் வச்சது, இந்த வீட்டு ஊஞ்சல் நான் இழைச்சது என்று கையை நீட்டிக்கொண்டே போவார்கள். வேதமணி எதைக் காட்டுவார்? காலையில் இழைத்தது சாயங்காலம் மண்ணுக்குள் போய்விடும். பிசிறில்லாத விளிம்பு, ஆணித்தலை தெரியாத மூடி, எல்லாம் சேர்ந்துதான் போகும். உங்க பொட்டி நல்லாயிருந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் அதற்குள்ளே அல்லவா படுத்திருக்கிறார்.

வீட்டுச் சாமான் செய்ய ஆசைப்படாமல் இல்லை. எதிர்த்தாற்போல டீக்கடை வைத்திருக்கும் நயினாரிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். பழைய பெஞ்சு ஆடுகிறதே, புதுசாக ஒன்று போட்டுத் தரட்டுமா என்று. நயினார் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

“கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. ஒங்க கை பட்ட பெஞ்சுல உக்காந்தா, டீ இறங்குமா?”

நயினாரைச் சொல்லி என்ன? சொந்த வீட்டுக் கட்டிலையே மனைவி ஜெமி கடையில்தான் வாங்கினாள். “ஒங்க வேலையில குறை சொல்லல. ராத்திரி தூக்கம் வரணும்லா?” என்றாள். அதற்குப் பிறகு வேதமணி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும், உயிரோடு இருக்கிறவர்கள் நடமாடுகிற ஒரு வீட்டில் தன் கை பட்ட மரம் ஒன்றாவது கிடக்க வேண்டும் என்ற எண்ணம், செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சுந்தர்சிங் சார் ஒரு மஞ்சள் பையோடு கடை வாசலில் வந்து நின்றார். நாசரேத்துக்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். போன வருஷம் அவருடைய அண்ணனுக்குப் பெட்டி போனது இந்தக் கடையிலிருந்துதான். வேதமணி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுந்தார். “யாரு சார்?” என்றார் மெதுவாக.

“யாருக்கும் ஒண்ணும் இல்லவே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்.” சார் பையிலிருந்து ஒரு இசைத்தட்டை உறையோடு எடுத்தார். “கப்பல் நிக்க ஊர்ல எல்லாம் வாங்குனது. அட்டைப்பெட்டியிலேயே கிடக்கு. வைக்க ஒரு அலமாரி வேணும்.”

“நான் வீட்டுச் சாமான் செய்யுததில்ல சார்.”

“தெரியாதா?”

“தெரியும். யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன்லா. அண்ணன் பெட்டிய நான் சுத்திச் சுத்தித் தடவிப் பாத்தேன். ஒரு சிலாம்பு குத்தல. அன்னைக்கே நெனச்சேன்.” கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு. கடை எங்கன இருக்குன்னு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிக்கிட வேண்டாம். பூனை குறுக்க போனாலே திரும்பி வந்து உக்காந்துக்கிடுவா.”

வேதமணி தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் அது கசந்தது. இருந்தாலும் வேலையை விட மனமில்லை.

மரக்கடையில் நின்று நன்றாகக் காய்ந்த வேப்பம்பலகையாகப் பார்த்துப் பொறுக்கினார். அந்த ஒற்றை இசைத்தட்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு அலமாரி, ஒரு இசைத்தட்டு நுழைகிற அகலம், சாணுக்கு ஒரு குறுக்குப் பலகை. ஒவ்வொரு பலகையும் பக்கப்பலகையில் வெட்டிய காடிக்குள் இறுக்கமாக உட்கார்ந்தது. பெட்டியின் சாயல் துளிகூட வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை உயரம். கடைப்பக்கமே எட்டிப்பார்க்காத ஜெமி, சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், அதைப் பார்த்து நின்றாள்.

“இது எந்த ஆளுக்கு? இம்புட்டு உசரம்?”

“ஆளுக்கு இல்ல. பாட்டுக்கு.”

அவள் உள்ளே கையை விட்டு ஒரு பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கொண்டுபோகிற அன்று குட்டியானை வண்டி ஓட்டுகிற மாரிராஜோடு சண்டை. வேதமணியின் சாமானைச் சுமந்து வண்டி போனால் வழியில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு அது நடக்கக் கூடாது.

“படுக்கப் போட்டா ஒரு கயிறு போதும் அண்ணாச்சி. நிக்க வச்சா காத்து தூக்கிட்டுப் போயிரும்.”

“நிக்கட்டும்லே. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

“ஏன், படுத்தா செத்துருமோ?”

“வாய மூடிட்டு வண்டிய எடு.”

அலமாரியைக் கட்டிப் பிடித்தபடி வண்டியின் பின்தட்டில் நின்றுகொண்டே போனார் வேதமணி. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், “யாரு வீட்டுக்கு பீரோ?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே ஊரை இன்னொரு சுற்று சுற்றலாம் போலிருந்தது.

சார் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக அதை நிறுத்தினார்கள். சார் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இதுல எப்படிவே வைக்க?”

வேதமணி அட்டைப்பெட்டியிலிருந்து கொஞ்சம் தட்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பூப்போல உள்ளே கிடத்தினார்.

“படுக்க வைக்கீரே!”

“பின்ன?”

“நிக்க வைக்கணும்வே. புஸ்தகம் மாதிரி. இப்படி அடுக்குனா கனம் தாங்காம அடியில கிடக்கது நெளிஞ்சு போகும். நம்ம ஊரு வெக்கைக்கு அப்பளமாயிரும்.”

வேதமணி தட்டுகளை அவசரமாக வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் அளந்தவர் இதைக் கேட்கவில்லையே. இத்தனை வருஷமாக அவர் கைக்கு வந்தவர்கள் எல்லாரும் படுத்துக்கொண்டே வந்தவர்கள். உள்ளே வைப்பது என்றால் கிடத்துவது என்றுதான் அவர் கைக்குத் தெரியும்.

“சரி, கொண்டுபோயி மாத்திக் கொண்டாரும்” என்றார் சார். சலித்துக்கொண்டு சொல்லவில்லை, ஆனால் உற்சாகமாகவும் சொல்லவில்லை. ஒருமுறை இந்த வாசலைத் தாண்டிவிட்டால் இது திரும்பி வராது என்று வேதமணிக்குப் பட்டது.

வழி ஒன்று இருந்தது. சார் பேசி முடிப்பதற்குள்ளேயே அது தெரிந்துவிட்டது. அலமாரியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் குறுக்குப் பலகைகள் நெட்டுப் பலகைகளாகிவிடும். தட்டுகள் சாணுக்குச் சாண் தடுப்போடு ஜம்மென்று நிற்கும். ஆனால் சாய்த்துப் போட்டால் அது என்னவாகத் தெரியும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

“சாச்சுப் போட்டுப் பாப்போமா சார்?” என்றார்.

மாரிராஜும் அவருமாகச் சாய்த்தார்கள். சார் கை நிறையத் தட்டுகளை எடுத்து நிறுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கின. ஆனால் கூடத்தின் நடுவே, தரையோடு தரையாக, ஆள் நீளத்துக்கு அது கிடந்தது. மாரிராஜ் தன்னையறியாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஈவாஞ்சலின் டீச்சர் காப்பித் தட்டோடு வந்தார். சாரின் வீட்டம்மா. அப்படியே நின்றார்.

“இது என்ன, பெட்டி மாதிரி?”

சார் இருமினார். மாரிராஜ் மின்விசிறியைப் பார்த்தான். வேதமணிக்குப் பொய் சொல்ல ஒரு நொடி அவகாசம் இருந்தது. சொன்னால் சாமான் இங்கேயே இருக்கும். ஆனால் அதைச் செய்த ஆள் இல்லாமல் இருக்கும்.

“பெட்டி மாதிரிதான் இருக்கும் டீச்சர். நான் பெட்டிதான் செய்யுதேன். திரேஸ்புரம் ரோட்டுல கடை. சாரோட அண்ணனுக்கும் நான்தான் செஞ்சேன்.”

டீச்சர் தட்டை மேஜையில் வைத்தார். முதலில் கணவரைப் பார்த்தார்.

“இத எங்கிட்ட மறைக்கச் சொன்னது ஆரு? நீங்கதான?”

“இல்ல, நீ பயப்படுவன்னு...”

“பயப்படத்தான் செய்வேன். அதுக்காக மறைப்பியளோ?” பிறகு வேதமணியிடம் திரும்பினார். “தம்பி, உள்ளதச் சொல்லிருதேன். இது இப்படித் தரையில கிடந்தா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

வேதமணி குனிந்து ஒரு முனையைப் பிடித்தார், எடுத்துக்கொண்டு போவதற்காக.

“அட, இருங்க. சொல்லி முடிக்கல. அடியில எப்படித் தூத்துத் துடைக்க? ஈரம் ஏறும், செல்லு அரிக்கும். துடைப்பம் போற உசரத்துக்குக் கால் வைங்க. நல்லா, விரிஞ்ச காலா. பிறகு ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ.”

கால்! பெட்டிக்கு மூடி உண்டு, கைப்பிடி உண்டு. கால் கிடையாது. வேதமணி தன் ஆயுசில் ஒரு கால் செய்ததில்லை. ஆனால், “வச்சுத் தாரேன் டீச்சர்” என்றபோது குரல் அவருக்கே புதிதாக இருந்தது. காப்பியை வாங்கிக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டதே தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க, கால் எப்படி விரிந்து நிற்கிறது என்று நயினாரின் பெஞ்சைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொட்டிக்குக் காலா அண்ணாச்சி?” என்றார் நயினார். “கல்லறைக்கு அதுவே நடந்து போயிருமா?”

“இது அங்கன போறதுக்கு இல்ல நயினாரே. நிக்கதுக்கு.”

முதலில் செய்த கால்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்றைச் சீவினால் மற்றது உயர்ந்தது. தட்டுகளின் கனத்துக்கு அடிப்பலகை நடுவில் தொய்யும் என்று மூலைக்கொன்று போக நடுவிலும் ஒரு ஜோடி வைத்தார். உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது, பித்தளைத் திருகாணிதான். சார் வீட்டில் கொண்டுபோய் முடுக்கி, காலில் நிற்க வைத்தபோது, டீச்சர் துடைப்பத்தை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மழைக்காலம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில், வேதமணி ஜெமியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்குப் போனார். ஈரத்தில் கால் இளகியிருக்கிறதா என்று பார்க்க என்பது சாக்கு.

அது சன்னலோரம் நின்றது. மேலே கண்ணாடிக் கூடு, ஸ்கூட்டர் சாவி, பாதி உரித்த ஆரஞ்சு, மாத்திரை அட்டை, பூப்போட்ட துணி ஒன்று. உள்ளே தட்டுகள் தோளோடு தோள் உரசி நின்றன. சார் ஒன்றை உருவி எடுத்து, பக்கத்திலிருந்த ரெக்கார்டு பிளேயரில் சுழல விட்டார். புரியாத ஊரின் பாட்டு கூடத்தில் நிறைந்தது. வேதமணி குனிந்து ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

நிமிரும்போதுதான் மேல்பலகையில் அந்த வட்டத்தைக் கண்டார். சூடான டம்ளர் பதிந்த வெள்ளைத் தடம்.

“ஐயோ, அதப் பாத்துட்டியளா?” என்றார் டீச்சர். “சார் வேலதான். எத்தன தடவ சொல்லியாச்சு. தேச்சா போயிருமா தம்பி?”

வேதமணி தடத்தின்மேல் விரலை ஓட்டினார். உப்புத்தாள் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போய்விடும்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றார். “அது அங்கனயே இருக்கட்டும்.”

டீச்சர் காப்பி கொண்டுவந்து தந்தார். ஜெமி இரண்டு மிடறு குடித்துவிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டே, கையிலிருந்த டம்ளரை அந்தப் பலகையின்மேல் வைத்தாள்.