ஜன்னலை உடைத்தது யார்?

என் மகள் ரூத் பேசுவதை நிறுத்திக்கொண்டது சென்ற ஆண்டு. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சிறு வயதிலிருந்தே திக்கித்தான் பேசுவாள். முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். கழுத்து நரம்பு புடைக்கும், கண்கள் தரைக்குப் போய்விடும். வகுப்பில் அவளுக்கு ‘ஃபெடரல் ஹைவே’ என்று பெயர். கோலாலம்பூருக்குப் போகும் அந்த நெடுஞ்சாலையில் தினமும் காலையில் வண்டிகள் நகராத ஜாம் அல்லவா. பெயர் வைத்தவன் தினேஷ் என்ற பையன். கெட்டவன் இல்லை. பிறரைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவன்.

முதலில் வகுப்பில் வாய் திறப்பதை விட்டாள். பிறகு வீட்டிலும் தலையசைப்பு மட்டும்தான். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். அங்கேயும் பேசவில்லை. பேசாத பிள்ளைக்கு அந்தப் பயிற்சியாளர்தான் என்ன செய்வார்? துறைமுகத்தில் லோரி ஓட்டும் என் கணவர் வேலை முடிந்து வந்ததும், “பாப்பா, அப்பானு ஒரு தடவ கூப்பிடு லா,” என்பார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எங்கள் வீடு அப்படி அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆலயத்தின் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதேன். சகோதரிகள் என்னைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆண்டவரே, என் பிள்ளை திக்காமல் பேச வேண்டும்.

அந்த நாள்களில் ஒரு நாடகக் குழு பள்ளிக்கு வந்தது. மாணவர் எல்லாரும் கூடும் காலை சபைகூடலில் சிறு நாடகம் போட்டு, பிள்ளைகளுக்குத் தைரியத்தையும் நற்குணத்தையும் சொல்லித்தரும் குழு. அடுத்து, மாணவர்களையே நடிக்கவைப்பார்கள். ரூத்துக்கும் ஒரு வேடம் கொடுத்திருந்தார்கள். கதை இதுதான்: ஒரு சிறுமி பந்தடித்துப் பள்ளி ஜன்னலை உடைத்துவிடுகிறாள். பழி ஒரு பையன் மேல் விழுகிறது. அவள் முன்வந்து உண்மையைச் சொல்ல வேண்டும். “ஜன்னலை உடைச்சது நான்தான் டீச்சர்.” அந்த ஒரு வரிதான் அவளுக்கு. பழி சுமக்கும் பையன் தினேஷ்.

குழுவை நடத்தும் கல்யாணியைப் போனில் பிடித்தேன். “அவளுக்கு ‘ஜ’ வரவே வராதும்மா. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.”

“அக்கா, நான் குடுக்கல. அவளேதான் கையத் தூக்குனா,” என்றார் அவர். “எல்லா வசனத்தையும் எல்லாரும் சேர்ந்து சொல்லித்தான் பழகுறோம். சேர்ந்து சொல்றப்ப அவளுக்குத் திக்கவே இல்லக்கா.”

“மேடையில தனியா சொல்லணுமே?”

“ஆமா,” என்றார்.

திங்கட்கிழமை காலை. தேசிய கீதமும் ருக்குன் நெகாரா உறுதிமொழியும் முடிந்து நாடகம் தொடங்கியது. நான் மண்டபத்தின் ஓரத்தில், உதட்டுக்குள் ஜெபித்தபடி நின்றேன். ரூத் முன்னே வந்தாள்.

“ஜ… ஜ… ஜ…”

நின்றுவிட்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

தலைகுனிந்து நின்றிருந்த தினேஷ் நிமிர்ந்தான். ஒத்திகையில் சொல்வதுபோல, “ஜன்னலை…” என்று எடுத்துக்கொடுத்தான். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். “உடைச்சது நான்தான் டீச்சர்” என்று மேடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் முடித்தார்கள். ரூத்தின் குரலும் அதில் இருந்தது.

டீச்சராக நடித்த சிறுமி திருதிருவென்று விழித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர், “டேய், ஒரு ஜன்னல எத்தன பேருடா ஒடைச்சீங்க?” என்றார். மண்டபமே சிரித்தது.

ரூத் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம். “அவங்க இல்ல டீச்சர். சும்மா சொல்றாங்க. ந… ந… நான் மட்டும்தான் ஒடைச்சேன்.”

நாடகத்தில் இல்லாத வசனம். நடுவில் திக்கியது. அவள் தரையைப் பார்க்கவில்லை, சொல்லி முடித்தாள். எல்லாரும் காத்திருந்து கேட்டார்கள். அன்று மாலை அப்பாவுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் அவளே சொன்னாள். லோரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டாராம்.

இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறாள். திக்குவது நிற்கவில்லை. பயிற்சிக்குப் போகிறாள், அங்கே பேசுகிறாள். தெருமுனை மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாய் கேட்க என் முகத்தைப் பார்ப்பதில்லை. தினேஷ் இன்னும் கிண்டல் செய்கிறான். இவளும் அவன் காதைப் பற்றி ஏதோ திருப்பிக் கொடுக்கிறாளாம்.

நான் கேட்டபடி அவள் திக்காமல் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியோடு இறங்கி வந்திருப்பாள். கர்த்தர் அதைவிட அதிகம் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை.

பிள்ளைக்காக அழுதுகொண்டிருக்கும் தாய் யாராவது இதைப் படித்தால், ஜெபிப்பதை விடாதீர்கள். நம்பிக் கேளுங்கள். யார் மூலமாக உதவி வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். எங்களுக்கு அது, என் மகளை அழவைத்த பையனின் வாயிலிருந்து வந்தது.